காலியாகவே இருக்கவேண்டிய சீட்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. கற்பனை, உள்ளொளி என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்றப்போவதில்லை. விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் ஷேர் ஆட்டோ ராயப்பன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். என் மாடி அறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் அவர்கள் மாடி அறை ஜன்னலில் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம். அந்த அறையில் ராயப்பனின் மகள் அஸ்வினி உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இந்த அறையில் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பேசுவது கேட்கிறது. காதைப் பொத்திக்கொண்டு எழுதலாமே என்பீர்கள். அதற்கு மூன்று கை வேண்டும்.

கடல் தாண்டிய ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, ஆறு மாதம் சோதனைக் காலம், அது முடிந்தால் நிரந்தரம். இவ்வளவும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. என்ன வேலை என்பதுதான் ஐந்து மாதமாகத் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கெங்கம்மாள் "கம்ப்யூட்டர் ரிப்பேரு" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ரிப்பேர் என்றால் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று நான் கேட்டேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று பல தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்ததை மறைக்காமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: "விழுப்புரம் ஜங்ஷனில் மழை பெய்துகொண்டிருந்தது. ரயிலிலிருந்து இறங்கிய அந்த இளம்பெண்ணின் கண்களில்..."

மழை பெய்யவில்லை. அவள் ரயிலிலிருந்து இறங்கவுமில்லை. அவள் இறங்குவதெல்லாம் மாடிப்படியில், சாப்பாட்டுக்கு.

இரண்டாவது: "மனித மூளைக்கும் சிலிக்கானுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர்..."

இதை எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்."

இதை மட்டும் அடிக்கவில்லை. ஆனால் இதைப் புரியவைக்க அடுத்த பகுதி தேவைப்பட்டது.

3

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஜன்னல் வழியாக நேரடியாகவே கேட்டேன்.

"ஏம்மா அஸ்வினி, நாளெல்லாம் ஷஃபிள், ஷஃபிள்னு சொல்லிக்கினே இருக்கியே, சீட்டு வெளையாடறியா?"

"ஐயோ அத்தை! ப்ராசசருக்குள்ள ஒரு பெட்டி இருக்கும். எட்டு சீட். ஒவ்வொரு சீட்லயும் ஒரு நம்பர் உக்காந்துக்கினு இருக்கும். எட்டுக்கும் ஒரே நேரத்துல கணக்கப் போட்டுடலாம். ஆனா சில நேரம் மூணாவது சீட்ல இருக்கறது முதல் சீட்டுக்கு வரணும், ஏழாவதுல இருக்கறது ரெண்டாவதுக்கு வரணும். அப்பிடி எடம் மாத்தறதுதான் ஷஃபிள்."

"அத நீ மாத்துவியா?"

"நான் மாத்த மாட்டேன். கம்பைலர்னு ஒண்ணு இருக்குது. மனுஷங்க எழுதற புரோகிராம ப்ராசசருக்குப் புரியற ஆர்டரா மாத்திக் குடுக்கும். அது நாலு ஆர்டர் போட்டு எடம் மாத்தறத, ஒரே ஆர்டர்ல மாத்த வெக்கறதுதான் என் வேலை."

"நாலுக்குப் பதிலா ஒண்ணு. இதுக்கா மாசாமாசம் சம்பளம் தர்றான்?"

"ஒரு செகண்டுல கோடித் தடவ ஓடும் அத்தை."

கீழே தெருவில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ராயப்பன் தலையை நிமிர்த்தினார்.

"மலரக்கா, நம்ம கோபி வண்டிய பாத்திருக்கீங்க இல்ல? நாலுமுனை சந்திப்புல ரெண்டு லேடீஸ் ஏறுனா போதும், எல்லாரையும் எறக்கி, ரோட்டுல நிக்க வெச்சு, மறுபடி ஒண்ணொண்ணா ஏத்துவான். என் வண்டில ஒரே சவுண்டு. 'தம்பி முன்னாடி வா, யம்மா நீங்க ஓரத்துக்கு நகருங்க, ஸ்கூல் பையன் மடியில.' அவ்ளோதான், வண்டி கெளம்பிடும்."

"அதேதான் அத்தை" என்றாள் அஸ்வினி. "கம்பைலர் கோபி மாமா மாதிரி பண்ணுது. நான் அத எங்கப்பா மாதிரி பண்ண வெக்கிறேன்."

ஐந்து மாதம் விளங்காதது அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கினால் தெருவுக்கே விளங்கிய மாதிரி. அன்று மாலைக்குள் கோபிக்கும் செய்தி போய், "என் பேர இழுக்காதீங்க" என்று அவர் ஆள் அனுப்பினார்.

(இதுவரை எழுதியதை அஸ்வினியிடம் காட்டினேன், தொழில் தப்பு ஏதும் இருக்கக்கூடாதே என்று. ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்: "எட்டு என்பது எப்போதும் எட்டு இல்லை. நாலும் இருக்கும், பதினாறும் இருக்கும். பரவாயில்லை, விடுங்க." விட்டுவிட்டேன்.)

4

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் கதை எங்கிருந்து கெட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்த அறையில் கைதட்டல். கம்பைலரில் அவள் மூன்று வாரம் உழைத்துச் செய்த மாற்றத்தைச் சரிபார்க்கிற ஆள் ஒப்புக்கொண்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டக்கூடிய பொதுக் கிடங்கில் அது சேர்ந்துவிட்டது. நாலு ஆர்டர் போன இடத்தில் ஒன்று. "அப்ரூவ்ட்!" என்று அவள் கத்தியது என் காதில் விழுந்தது.

விழுந்தது "அப்ரூவ்ட்." நான் கெங்கம்மாளிடம் சொன்னது "வேலை பர்மனென்ட் ஆயிடுச்சாம்."

நடுவில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். படியிறங்கும்போது செய்தி கொஞ்சம் வளரும். எங்கள் தெருவில் அது வழக்கம்தான்.

புதன்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ ஸ்டாண்டில் பன்னிரண்டடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். "பன்னாட்டு நிறுவனத்தில் நிரந்தரப் பணி பெற்ற எங்கள் அன்பு மகள் அஸ்வினியை வாழ்த்தி மகிழும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள்." அஸ்வினியின் படம் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலிருந்து எடுத்தது, இரண்டு விரல் அகலம். ஓட்டுநர்கள் பதினாலு பேரின் படமும் ஆளுக்கு ஒரு சாண். நடுவில் கூலிங்கிளாஸோடு கோபி. "என் பேர இழுக்காதீங்க" என்று ஆள் அனுப்பியவர் அவர்தான். பேனரை அடிக்கக் கொடுத்தவரும் அவர்தான்.

அஸ்வினி அதைப் பார்த்துவிட்டு வந்து என் ஜன்னலைத் தட்டினாள்.

"அத்தை. யாரு சொன்னது?"

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை மிகவும் கவனமாக ஆய்ந்தேன்.

"வெள்ளிக்கிழமதான் மீட்டிங். நாலு மணிக்கு. அன்னிக்குத்தான் சொல்லுவாங்க."

"ஆயிடும்மா. ரெண்டு நாள் முன்னாடி மாட்டுனா என்ன?"

"ஆவலன்னா?"

கீரையில் புழு ஏதும் இல்லை.

5

வியாழக்கிழமை. இந்தக் கதையில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறது என்றால் அது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள். நானும் நிதானமாக எழுதுகிறேன்.

மீட்டிங்குக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். இந்த ஆறு மாதத்தில் நீ என்ன சாதித்தாய் என்று உன்னை நீயே புகழ்ந்து எழுதவேண்டும். புகழ்வதற்காகத் தன்னுடைய மாற்றத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தவள், பாதியில் "ஐயோ" என்றாள்.

நான் ஜன்னலுக்குப் போனேன். (ஏற்கெனவே ஜன்னலில்தான் இருந்தேன்.)

அவள் விளக்கியது இது. யார் எந்த சீட்டில் உட்காரவேண்டும் என்று கம்பைலர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. சீட்டுக்கு ஒரு எண். சில சீட்டுகளுக்கு ஆள் தேவையில்லை, அங்கே மைனஸ் எண் போட்டிருப்பார்கள். மைனஸ் ஒன்று என்றால் "இந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் எனக்குக் கவலையில்லை." மைனஸ் இரண்டு என்றால் "இந்த சீட் காலியாகவே இருக்கவேண்டும்", அதாவது அங்கே பூஜ்யம்தான் இருக்கவேண்டும். இரண்டும் வேறு. அஸ்வினி எழுதியது: பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும், பக்கத்தில் இருப்பவனை இழுத்து உட்கார வை.

யாரையாவது உட்கார வைக்கும் சுதந்திரம் கிடைத்ததால்தான் நாலு ஆர்டர் ஒன்றாகச் சுருங்கியது. அந்த வேகத்துக்குத்தான் செவ்வாய்க்கிழமை கைதட்டல்.

"சோதன பண்ணிப் பாத்துதான அனுப்புவீங்க?"

"எல்லா சோதனையும் பாஸ் அத்தை. சோதன பண்ண எந்தப் பட்டியல்லயும் மைனஸ் ரெண்டு இல்ல. யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

எனக்கும், என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

என் கருத்து இது. இந்தத் தப்பை ஒரு பேராசிரியர் மகள் செய்திருக்கமாட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில், அப்பன் வண்டியில் வளர்ந்தவளுக்கு, ஒரு சீட் காலியாகவே இருக்கவேண்டும் என்பது எப்படித் தோன்றும்? ராயப்பன் வண்டியில் காலி சீட் என்றால் அது இன்னும் யாரும் உட்காராத சீட். காலியாக விட்டால் பாவம்.

(பென்சில் குறிப்பு: "இது உங்க கற்பனை. நான் அவசரத்துல எழுதினேன், அவ்வளவுதான். எங்கப்பாவை இதில் இழுக்காதீங்க." இழுக்கவில்லை. அவர் தானாகவே வருகிறார்.)

"சரி, ஒரு சீட்ல தப்பான ஆளு உக்காந்தா இன்னா ஆயிடப்போவுது?"

"தெரியாது அத்தை. ஒரு போட்டோவோட ஓரத்துல ஒரு புள்ளியா இருக்கலாம், யாரும் பாக்க மாட்டாங்க. ஸ்கேன் எடுக்கற மெஷின்ல ஒரு கோடா இருக்கலாம். எவங்க எடுத்து எதுக்கு ஓட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அதான் பேஜாரு."

6

மாற்றத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவர் பெயர் சித்தார்த்தன். ஆறு மாதமாகத் திரையில் பார்த்த ஆள், ஏதோ வெளிநாட்டில் இருக்கிறார் என்று அஸ்வினி நினைத்திருந்தாள். போன் பண்ணியபோதுதான் தெரிந்தது, ஆள் திண்டிவனத்தில், டயர் கடை மாடியில். கடல் தாண்டிய கம்பெனிக்கு இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள், நடுவில் ஒரு டோல்கேட்தான்.

"போன்ல வேணாம், ஆபீஸ் சாட்ல சுத்தமா வேணாம். நேர்ல வாங்க" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை அவள் திண்டிவனம் கிளம்பினாள். எனக்கும் அன்று திண்டிவனத்தில் வேலை இருந்தது. என்ன வேலை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை. சித்தார்த்தனுக்கு முப்பத்தைந்து இருக்கும், முன்வழுக்கை, இரண்டு போன். என்னைப் பார்த்து "அம்மாவா?" என்றார். "பக்கத்து வீடு" என்றாள். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான ஓகே போட்டேன்? உங்க தப்புன்னா எனக்கும் அதுல பங்கு இருக்குது" என்று ஆரம்பித்தார். "அதனால என் சொந்த பயத்தையும் சேத்துதான் சொல்றேன், கேளுங்க. இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. நாலு மணி மீட்டிங் முடியட்டும், பர்மனென்ட் ஆவட்டும். திங்கக்கிழம, 'மேலும் சீராக்கம்'னு பேர் போட்டு புதுசா ஒண்ணு அனுப்புங்க. அதுக்குள்ள இத சரி பண்ணிடுங்க. நான் ஜல்தியா ஓகே பண்றேன். நடுவுல ரெண்டு நாள், சனி ஞாயிறு."

"சொன்னா இன்னா ஆவும்?"

"மாத்தத்த திருப்பி எடுக்கணும். உங்க ஆறு மாசத்துல காட்டறதுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். நல்லபடியா போனா மூணு மாசம் நீட்டுவாங்க. இல்லன்னா நன்றி சொல்லி அனுப்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்தருக்கு ரெண்டாவதுதான் நடந்துச்சு."

"அந்த ரெண்டு நாள்ல யாராவது எடுத்துக்கினு போயிட்டா?"

"அந்த மாதிரி பட்டியல் லட்சத்துல ஒண்ணு வரும் அஸ்வினி."

"ஒரு செகண்டுல எத்தினி லட்சம் ஓடும்னு நீங்கதான எனக்குக் கணக்கு போட்டுக் காட்டுனீங்க?"

அவர் டீயைப் பார்த்தார். "ஆறுது, குடிங்க" என்றார்.

"அப்ப அந்த பேனரு?" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

6-அ

சித்தார்த்தனை வில்லனாக்கப் பார்த்தேன். நரித்தனமான சிரிப்பு ஒன்றை எழுதி ஒட்டினேன், நிற்கவில்லை. எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள இவங்களுக்கு ஒரு சீட் பாத்துக் குடுங்க சார்" என்று என்னைக் காட்டிக் கண்டக்டரிடம் சொன்னார். எந்த வில்லன் பக்கத்து வீட்டுக்காரிக்கு சீட் கேட்பான்? தவிர, அவர் சொன்ன யோசனையில் எனக்குத் தப்பே தெரியவில்லை. நானாக இருந்தால் டீ ஆறுவதற்குள் சரி என்றிருப்பேன். இந்தக் கதையை நம்பிப் படிக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

கூட்டேரிப்பட்டு வந்தபோது அஸ்வினி வாயைத் திறந்தாள்.

"அத்தை, நீங்க இத எழுதுவீங்க. எனக்குத் தெரியும்."

"சேச்சே."

"எழுதிக்கோங்க. பேர மட்டும் மாத்திடுங்க. ஆனா ஒண்ணு. நாலு மணிக்கு நான் இன்னா சொல்லப்போறேன்னு எனக்கே இன்னும் தெரியல. எது சொன்னாலும் அத எங்கப்பாகிட்ட நான்தான் சொல்லணும். போன தடவ மாதிரி அவரு அத பேனர்ல படிக்கக்கூடாது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சும்மா சொன்னாள். விழுப்புரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

7

முடிவுகள். கையில் இருப்பவற்றை எல்லாம் போடுகிறேன்.

ஒன்று. அவள் சொல்லவில்லை. பர்மனென்ட். திங்கட்கிழமை சத்தமில்லாமல் சரிசெய்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உலகத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதில் என்ன சிக்கல் என்றால், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை யார் போய்ப் பார்த்தது?

இரண்டு. பத்திரிகைகள் விரும்புவது. அவள் உண்மையைச் சொன்னாள். மேலாளரின் கண்கள் கலங்கின. "உன்னைப் போன்ற நேர்மையான..."

முடியவில்லை, மன்னியுங்கள். அந்த மேலாளரின் கண்களை நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

மூன்று. அவள் உண்மையைச் சொன்னாள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்டாண்டில் பேனருக்குக் கீழே ராயப்பன் வண்டியை நிறுத்திவிட்டு

இதை மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. வராததற்குக் காரணம் நாலாம் பகுதியில் இருக்கிறது.

நாலு. கெங்கம்மாள் தந்தது. அந்தத் திண்டிவனத்துப் பையனையே கட்டிக்கொள்கிறாள்.

(பென்சில் குறிப்பு: "அவருக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க. கெங்கம்மா பெரிம்மாகிட்ட சொல்லிடுங்க." சொன்னேன். "அதனால என்ன, கதைதானே" என்றாள். எனக்கு வாய்த்த வாசகி.)

8

வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால். இந்தப் பகுதியை அஸ்வினியிடம் காட்டவில்லை, அதனால் பென்சில் குறிப்பு இருக்காது.

அன்று ராயப்பன் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். மேலே போகவில்லை. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெயம் கீழே மிக்ஸியில் இட்லி மாவுக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அரைத்த மாவே இருக்க, மறுபடி எதற்கு உளுந்து? கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

நான் என் இடத்தில்.

திரையில் மேலாளர் பேச ஆரம்பித்தார். மிக்ஸி சத்தத்தில் இங்கொன்றும் அங்கொன்றும்தான் விழுந்தது. நல்ல வேலை. குழு மகிழ்ச்சி. குறிப்பாக அந்த ஷஃபிள் மாற்றம். அஸ்வினி "தேங்க்யூ" என்றாள். "தேங்க்யூ" என்றாள். மூன்றாவது தடவையும்.

மிக்ஸி நின்றது.

தெருவே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மேலாளரின் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்கு இருக்கிற ஆங்கிலத்துக்கு அந்தக் கேள்வி போதும். "முடிப்பதற்கு முன்னால், நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு அஸ்வினி பேசினாள். நாலு வாக்கியம். ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது, சொல் சொல்லாக. அதற்கு மேலாளர் சொன்ன பதிலும் கேட்டது.

அந்த நாலு வாக்கியத்தையும் இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். உங்களுக்கு நாலு வரி விட்டிருக்கிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கீழே உங்கள் அப்பா கண்ணாடி துடைக்கிறார், தப்பு தெரிந்தது உங்களுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

...........................................

...........................................

...........................................

...........................................

எழுதி முடித்தவர்கள் என்னிடம் காட்டவேண்டாம். சரியா தப்பா என்று சொல்லமாட்டேன்.

"மலரக்கா!"

ராயப்பன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எதிர்வீட்டில் கெங்கம்மாளின் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"இன்னாக்கா, எதுனா கேட்டுச்சா?"

நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே அனுப்பிய அனுபவம் எனக்கு அதற்கு முன் இல்லை.

"மிக்ஸி ஓடிக்கினு இருந்துச்சு தம்பி, ஒண்ணும் கேக்கல. நீங்களே மேல போய்க் கேளுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.